குழந்தையைத் தேடுவதற்கு முன் உங்கள் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

தம்பி, நீங்களும் உங்கள் மனைவியும் டாலஸுக்கு வந்து ஓராண்டு ஆகிறது என்றும், எச்-1பி என்னும் வேலை விசாவிலும், துணைவருக்கான எச்-4 விசாவிலும் இருக்கிறீர்கள் என்றும், கும்பகோணத்தில் உள்ள உங்கள் சித்தப்பா மகள் தமக்கு மூன்றாவதாகப் பிறக்கப்போகும் குழந்தையை உங்களுக்கே தருவதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அது சரிப்படாவிட்டால் காப்பகம் ஒன்றிலிருந்து தத்தெடுக்கலாமா, எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். நியூ ஜெர்சியில் குடியேறிய நாங்கள் 2018-இல் சேலத்திலிருந்து மூன்று வயது மகளை அழைத்துவந்தவர்கள். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அக்காவின் குழந்தை. சித்தப்பா மகளும் நமக்கு அக்காதான். ஆனால் தத்தெடுப்பையும் ஒழுங்குபடுத்தும் 2015-ஆம் ஆண்டின் இந்திய இளைஞர் நீதிச் சட்டம் உறவினர் என்று கணக்கில் கொள்வது குழந்தையின் பெற்றோருடன் உடன்பிறந்தவர்களையும் தாத்தா பாட்டிகளையும் மட்டுமே; ஒன்றுவிட்ட தம்பியான நீங்கள் அதில் வரமாட்டீர்கள். இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் சுவீகாரப் பத்திரம் பதிந்துகொள்ளலாம் என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அந்தப் பத்திரம் இந்தியாவில் செல்லும்; ஆனால் அதைக் காட்டிக் குழந்தையை இங்கே அழைத்துவர முடியாது. இந்தியாவும் அமெரிக்காவும் நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை ஏற்ற நாடுகள். அந்த முறைப்படி வரும் குழந்தைக்குப் பெற்ற தாய், தந்தை இருவரும் உயிருடன் இருந்தால், அவர்களால் அதைச் சரிவர வளர்க்க இயலாது என்று காட்டியாக வேண்டும். வீடும் வருமானமும் உள்ள குடும்பம் அன்பினால் கொடுக்கும் குழந்தைக்கு இது பொருந்தாது. இப்படிப் பத்திரம் எழுதி, விசா கிடைக்காமல், பாட்டி வீட்டில் வளர்ந்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

அடுத்தது உங்கள் குடியுரிமை. அமெரிக்காவில் ஹேக் முறையின் முதல் விண்ணப்பமான ஐ-800ஏ-வை அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே தாக்கல் செய்ய முடியும். கிரீன் கார்டு இருந்தாலும் போதாது. குடியுரிமை இல்லாதவர்கள் தத்தெடுத்த குழந்தையை விசாவுக்குரிய பிள்ளையாக இந்நாட்டுச் சட்டம் ஏற்க வேண்டுமானால், அது 16 வயதுக்குள் தத்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாண்டுகள் உங்கள் சட்டபூர்வப் பொறுப்பில், உங்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கவும் வேண்டும். எங்கள் நண்பர்கள் இருவர் இதற்காகவே கோயம்புத்தூருக்குத் திரும்பி, அங்கே வசிப்பவர்களாகப் பதிந்து தத்தெடுத்து, சில ஆண்டுகள் கழித்து மகனுடன் மீண்டும் வந்தார்கள். கிரீன் கார்டுக்காக இந்தியர்கள் காத்து நிற்கும் வரிசையின் நீளத்தை நினைத்தால், உங்களுக்கும் அதுவே நேர்மையான வழியாக எனக்குப் படுகிறது. ஆனால் இங்கே இருந்துகொண்டே ஊர் முகவரியைக் கொடுத்து உள்நாட்டு விண்ணப்பதாரராகப் பதிய நினைக்காதீர்கள்.

குடியுரிமை கிடைத்தபின் தொடங்குவதானால் செய்ய வேண்டியவை வேறு. அமெரிக்காவில் ஹேக் அங்கீகாரமும் தில்லியிலுள்ள காரா என்னும் மத்திய தத்துவள ஆணையத்தின் அனுமதியும் ஒருங்கே பெற்ற தத்தெடுப்பு முகமையிடம் போக வேண்டும். அமெரிக்கர்கள் வெளிநாடுகளிலிருந்து தத்தெடுத்த குழந்தைகள் 2004-இல் ஏறத்தாழ 23,000 பேர். 2023-இல் 1,300-க்கும் குறைவு. தொழில் இப்படிச் சுருங்கியதால் பல முகமைகள் மூடிவிட்டன. நாங்கள் முதலில் சேர்ந்த முகமையும் பாதியில் இந்தியப் பணியைக் கைவிட்டது. கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. ஆகவே திட்டம் நின்றால் பணம் என்னாகும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பிறகு ஹோம் ஸ்டடி என்னும் வீட்டு ஆய்வு. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வருமானம், உடல்நலம், கைரேகை, காவல்துறைப் பதிவு எல்லாம் கேட்கப்படும். குறைந்தது 10 மணி நேரப் பயிற்சியும் உண்டு. நம்மவர்கள் அந்நாளில் சமையலறையைத் துலக்கிவைத்துக் காத்திருப்பார்கள்; நானும் அப்படித்தான் செய்தேன். அவரோ அலமாரி ஒன்றையும் திறந்து பார்க்காமல், எங்கள் தந்தையர் எங்களை எப்படித் தண்டித்தார்கள் என்று ஒரு மணி நேரம் கேட்டார். குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சைகள் தோற்ற துயரம் ஆறிவிட்டதா என்றும் கேட்பார்கள். ஆறவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். மறைப்பதுதான் அறிக்கையில் உறுத்தும்.

ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதங்களுக்கே செல்லும். சின்னஞ்சிறு குழந்தைக்கான காத்திருப்போ மூன்றாண்டுகளைத் தாண்டுகிறது. அதனால் இடையில் நீட்டிப்பும் புதிய கைரேகையும் தேவைப்படும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கேட்கும் தம்பதியின் வயதுகளின் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை 90. சற்று வளர்ந்த குழந்தைகளையும் மருத்துவத் தேவையுள்ள குழந்தைகளையும் நாடுவோருக்கு வரிசை குறுகியது. எங்கள் மகளுக்குக் காதில் குறை. அறிக்கையைக் குழந்தை மருத்துவர் ஒருவர் படித்து விளக்கியபின் ஒப்புக்கொண்டோம். இந்தக் குழந்தை என்று பரிந்துரை வந்ததும் 96 மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டியிருந்ததால், அந்த மருத்துவரை முன்கூட்டியே பேசி வைத்திருந்தது உதவியது.

எங்கள் காலத்தில் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றம் வழங்கியது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். ஆணை கிடைத்தபின் இந்தியப் பாஸ்போர்ட்டும் விசாவும் பெற வேண்டும். இங்கே வந்தபின்னும் இரண்டாண்டுகளுக்குக் குழந்தையின் நலம் குறித்த அறிக்கைகள் போய்க்கொண்டிருக்கும். இவற்றுக்கு வெளியே, மருத்துவமனையிலிருந்தே குழந்தையை வாங்கித் தருவதாக எவராவது சொன்னால் பேச்சை வளர்க்காதீர்கள், அது குற்றம்.

இப்போதைக்கு உங்களுக்குள்ள வேலைகள் இரண்டே. குடிவரவு வழக்கறிஞர் ஒருவருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து, ஊருக்குத் திரும்பித் தத்தெடுத்தால் உங்கள் எச்-1பி விசாவுக்கு உரிய ஆண்டுகளில் எத்தனை மிஞ்சும் என்று கேளுங்கள். கும்பகோணத்து அக்காவிடம் குழந்தை பிறந்த பிறகு வேண்டாம், இந்த வாரமே தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவரும் ஒரு முடிவுக்கு வர நாள் வேண்டும்.