பதில் வரவில்லை என்றால் பதியவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு எடை பதியும் ஆப் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடையைப் பதிந்ததும் அது சர்வருக்குப் போய், அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் அடுத்தவருக்குப் போட முடியும். விடியற்காலைக் கூட்டத்தில் நெட் இழுக்கிறது, வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடுகிறார்கள். பதிலே எதிர்பார்க்காமல் அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இரு என்கிறான் நண்பன். அப்படிச் செய்யலாமா ஐயா?
(வாசகர், மேலூர்)

பதில்: வேண்டாம் தம்பி. அந்த எடை ஒரு விவசாயியின் அன்றைய காசு.

நீங்கள் நிற்கிற கடையையே பாருங்கள். மல்லி கிலோ என்ன விலை என்று கடைக்காரர் குரல் கொடுக்கிறார். யார் காதில் விழுந்தது, யார் காதில் விழவில்லை என்று அவர் பார்ப்பதில்லை. விட்டவர் அடுத்த குரலில் கேட்டுக்கொள்வார். ஆனால் செல்லம்பட்டியிலிருந்து மூட்டையோடு வந்தவர், துண்டுச் சீட்டு கைக்கு வராமல் தராசை விட்டு நகரவே மாட்டார். உங்கள் ஆப்பிலும் விலையை ஒருவழியாக அனுப்புங்கள், தவறினால் அடுத்த விலை வந்துவிடும். எடைக்குப் பதில் வாங்கியே தீர வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷங்களுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்கு புரோகிராம் எழுதினேன். லைன் மெதுவானது என்று, பதில் எதிர்பார்க்காமல் நெட்டில் செய்தி அனுப்பும் யூடிபி முறையைப் பிடித்துக்கொண்டேன். 1980இல் ஜான் போஸ்டல் மூன்றே பக்கத்தில் எழுதிவைத்த முறை அது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அது ஒட்டும் விவரம் 8 பைட்தான். ஒப்புகை வாங்கி அனுப்பும் டிசிபி முறைக்குக் குறைந்தது 20. அனுப்பினது போய்ச் சேர்ந்ததா என்று யூடிபி பார்க்காது. ஒருநாள் ஒரு பாட்டி, பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய கணக்கோடு வந்தார். ஏழாம் தேதி காலை நாலரை லிட்டர் என்று அட்டையில் இருந்தது. என் கணக்கில் அந்த இடம் காலி. "நுரை அடங்குற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தானப்பா போனேன்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

உடனே பதில் வரும்படி மாற்றினேன். பத்து விநாடியில் பதில் இல்லை என்றால் திரும்ப அனுப்பும். அடுத்த வாரமே சிலருக்குப் பால் இரட்டிப்பாக ஏறியிருந்தது. சர்வர் பதிந்துவிட்டது, அது சொன்ன பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. பதில் வராவிட்டால் பதியவில்லை என்று நானாக முடிவு கட்டியது தப்பு. பதிந்ததா இல்லையா என்று தெரியாது, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு எடைக்கும் போனிலேயே ஒரு எண் போடுங்கள்: தேதி, கருவி எண், வரிசை எண். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல், முன்பு சொன்ன பதிலையே திரும்பச் சொல்லட்டும். அப்புறம் எத்தனை முறை அனுப்பினாலும் பயமில்லை.

இனி வரிசை. பதில் வாங்குவது வேறு, அதற்காகத் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு. எடையை முதலில் போனுக்குள்ளேயே எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் எழுதுங்கள், சீட்டை அங்கேயே அடித்துக் கொடுங்கள், அடுத்தவரைக் கூப்பிடுங்கள். அனுப்புகிற வேலை பின்னால் ஓடட்டும். பதில் வராத எடைகள் திரையில் மஞ்சள் நிறத்திலேயே நிற்கட்டும். மஞ்சள் ஒன்று மிச்சமிருந்தாலும் அன்றைய கணக்கை முடிக்க விடாதீர்கள்.

டிசிபியே ஒப்புகை தருகிறதே என்று உங்கள் நண்பர் கேட்பார். அது அந்தப் பக்கத்து இயங்குதளம் வாங்கிக்கொண்டதற்கான ஒப்புகை. டேட்டாபேஸில் எழுதுவதற்குள் உங்கள் சர்வர் புரோகிராம் விழுந்தால், ஒப்புகை இருக்கும், எடை இருக்காது. வெப் சர்வர்கள் பேசும் எச்டிடிபி முறையில் 202 என்ற எண் பதிலாக வருவதும் 'வாங்கிக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை' என்பதுதான். டேட்டாபேஸில் பதிந்த பிறகு உங்கள் புரோகிராமே சொல்லும் பதிலுக்குத்தான் மஞ்சளை எடுக்க வேண்டும்.

கேள்வி: கிணற்று நீர்மட்டத்தை நிமிடத்துக்கு ஒருமுறை எம்க்யூடிடியில் (கருவிகள் நெட் வழியே செய்தி அனுப்பும் முறை) அனுப்புகிறேன். மோட்டாரை நிறுத்தவும் அதேதான். செய்தி போய்ச் சேர எவ்வளவு உறுதி வேண்டும் என்று சொல்லும் க்யூஓஎஸ் எண் எது வைப்பது?
(வாசகர், வாடிப்பட்டி)

பதில்: நீர்மட்டத்துக்கு 0 போதும், ஒப்புகை பார்க்காமல் ஒருமுறை அனுப்பிவிடும். ஒன்று தவறினால் அடுத்த நிமிடம் வேறொன்று வரும். 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவான முறை இது, சின்னச் செய்திகளுக்கு ரொம்பப் பொருத்தம். மோட்டாருக்கு 1 வையுங்கள். 1 என்றால் ஒப்புகை வாங்கியே தீரும், அதனால் ஒரே கட்டளை இரண்டு முறையும் வரலாம். ஆகவே 'நிலையை மாற்று' என்று அனுப்பாதீர்கள், நின்ற மோட்டார் இரண்டாவது கட்டளையில் திரும்ப ஓட ஆரம்பித்துவிடும். 'நிறுத்து' என்றே அனுப்புங்கள், இரண்டு முறை வந்தாலும் நின்றதுதான். இன்னொன்று, உங்களுக்கு வரும் ஒப்புகை நடுவில் நின்று செய்திகளைக் கைமாற்றும் புரோக்கர் என்ற சர்வர் கொடுப்பது, மோட்டார் கொடுப்பதல்ல. ஸ்டார்ட்டர் பெட்டியில் கரண்ட் ஓடுகிறதா என்று அளந்து, அந்த நிலையைத் தனிச் செய்தியாகத் திருப்பி அனுப்ப வையுங்கள். அது வந்த பிறகு தோட்டத்தை விட்டுக் கிளம்புங்கள்.