பிடி வலுவாக இருந்தும் பாயின்ட் போவது ஏன்?

விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் பள்ளிக் கபடி அணியின் லெஃப்ட் கார்னருக்கு (இடது ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர்) கணுக்கால் பிடி நன்றாக வரும். பயிற்சியில் யார் பாடி வந்தாலும் விடமாட்டான். மேட்ச்சில் மட்டும் அவசரப்பட்டுப் பாய்ந்து பாயின்ட்டைக் கொடுத்துவிடுகிறான். ஆட்ட அறிவு போதவில்லையா?
– உடற்கல்வி ஆசிரியர், ஒட்டன்சத்திரம்

அறிவைக் குறை சொல்வதற்கு முன் அவன் இடுப்பைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் கார்னருக்குக் கை கணுக்காலுக்குப் போய்ச் சேர நேரமாகும். அந்தத் தாமதம் அவன் உடம்புக்குத் தெரியும். அதனால்தான் ரைடரின் (பாடி வருபவரின்) கால் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறான். வெளியே நிற்கும் நமக்கு அது தப்பான முடிவாகத் தெரிகிறது. உண்மையில் எட்டாத கைக்கு அவன் நேரம் தேடுகிறான்.

முதல் வேலை, தூரத்தை அளப்பது. முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி நிற்கவைத்து, ஒரே அடியில் இரண்டு கையாலும் கணுக்காலைப் பூட்ட முடிகிற தூரத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். முழு நீளத்துக்குப் பாய்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தக் கோட்டுக்கு அப்பால் கால் இருந்தால் பிடி கிடையாது. டேப்பை எடுத்த பிறகும் அந்தத் தூரம் அவன் கண்ணில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, எந்தக் காலை எப்போது பிடிப்பது என்பது. டோ டச்சுக்கு (கால்விரலால் தொடுவதற்கு) நீட்டிய கால் காற்றில் இருக்கும், இழுத்துக்கொள்வான். எடை விழுந்த கால்தான் அகப்படும். கூடுதல் பாயின்ட் தரும் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றும்போது மற்ற கால் தரையில் படக் கூடாது என்பது விதி. அந்தக் கணத்தில் உடம்பின் எடை முழுவதும் முன்காலில் நிற்கிறது. கார்னருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால் களத்தில் தடுப்பவர்கள் ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் உண்டு. ஐந்து பேர் இருக்கும்போது ஆழமாகக் கால் வைக்கிற ரைடர் போனஸுக்கு வரவில்லை. தொடுவதற்கு வருகிறான், அல்லது உங்கள் பையனைக் கிளப்பிவிடத் தூண்டில் போடுகிறான். ஆள் எண்ணிக்கை தெரியாமல் நிற்கும் கார்னருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

டூ ஆர் டை ரைடிலும் இதே கணக்குத்தான். பாயின்ட் எடுத்தே தீர வேண்டியது ரைடரின் தலைவலி. 30 நொடி முடிந்தால் அவன் அவுட். பாயாமல் நின்றாலே நமக்குப் பாயின்ட். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், பிடித்தால் சூப்பர் டேக்கிளில் இரண்டு பாயின்ட். அப்போது கொஞ்சம் துணியலாம்.

பயிற்சியில் மட்டும் அவன் ஏன் தவறுவதில்லை? எதிரே வருகிற சக மாணவன் ஒரே வேகத்தில் வந்து, ஒரே காலைக் கொடுத்துவிட்டுப் போவதால்தான். இதை மாற்றுங்கள். கார்னர், பக்கத்தில் ஒரு இன் (கார்னரை அடுத்து நிற்கும் தடுப்பாளர்), எதிரே ஒரு ரைடர், ஒரு ரைடுக்கு 10 நொடி. கார்னரின் முதுகுக்குப் பின்னால் நின்று ரைடருக்கு மட்டும் விரல் காட்டுங்கள்: ஒன்று போனஸ், இரண்டு டோ டச், மூன்று வெறும் ஏமாற்று. சரியாகப் பிடித்தால் 1, பாயக் கூடாத இடத்தில் பாயாமல் நின்றால் அதற்கும் 1, தப்பாகப் பாய்ந்தால் 2 கழித்தல். நான்கு ரைடுக்கு ஒருமுறை ஓய்வு விட்டு, மொத்தம் 12. நின்றதற்கும் மதிப்பெண் கொடுக்காத பயிற்சி அவனைப் பாயத்தான் பழக்கும். கடைசி நான்கில் தவறு கூடினால் தொடையில் பலம் போய் இடுப்பு ஏறிவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏறியிருக்கும்.

என் மகள் பந்தைக் கீழே விடாமல் நூறு தட்டுத் தட்டுவாள். ஃபுட்பால் மேட்ச்சில் பந்து வந்ததும் பறிகொடுக்கிறாள்.
– ஒரு தாய், தூத்துக்குடி

நூறு தட்டுவதற்குக் கண் பந்தின் மேலேயே இருக்க வேண்டும். மேட்ச்சில் கண் பந்தை விட்டு நகர வேண்டும். அவளுக்கு வராதது அதுதான். பத்து மீட்டர் பாஸ் உருண்டு வர ஒன்றிரண்டு நொடிதான் ஆகும்; பந்து காலுக்கு வந்த பிறகு சுற்றிப் பார்க்க நேரம் இராது. பாஸ் கொடுப்பவர் பந்தைச் சரிசெய்யும்போது தோளுக்கு மேல் ஒரு பார்வை, பந்து கிளம்பியதும் இன்னொன்று. உடம்பைப் பாதி திருப்பி, பாஸ் கொடுப்பவருக்குத் தள்ளியிருக்கும் காலால் வாங்கச் சொல்லுங்கள். முதல் தொடுதலிலேயே அடுத்த திசை திறக்கும்.

பின்னால் ஒருவர் விரல்களைக் காட்ட, பந்தை வாங்கும் முன் எத்தனை என்று சொல்லும் பயிற்சி தொடக்கத்துக்குச் சரி. ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், விரல் எண்ணுவதில்தான் தேறுவாள். பிறகு உண்மையான தடுப்பாளரை நிறுத்துங்கள். இடமாக வருவதா, வலமாக வருவதா, வராமலே நிற்பதா என்பது அவர் விருப்பம். யாரும் வரவில்லை என்றால் திரும்ப வேண்டும், வந்தால் ஒரே தொடுதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதலில் நுணுக்கத்தை முழுசாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு ஆட்டத்துக்கு விடுவதுதானே முறை?
– இளம் பயிற்சியாளர், திருச்சி

காலங்காலமாக அப்படித்தான் செய்துவருகிறோம். 1982-இல் இங்கிலாந்தில், லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் பங்கரும் ராட் தார்ப்பும் இதைத் தலைகீழாக்கிக் காட்டினார்கள்: முதலில் சிறிய ஆட்டம், எப்போது என்ன செய்வது என்ற கேள்வி, அதற்குத் தேவைப்படும்போது நுணுக்கம். எங்கள் பார்வையில் இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். மூன்றுக்கு மூன்று ஆட்டம் 10 நிமிடம், சிக்கிய இடத்துக்கான நுணுக்கம் 10 நிமிடம், மறுபடி அதே ஆட்டம். ஒரு விதிவிலக்கு உண்டு. கபடியில் விழவும் தலையை ஒதுக்கிப் பிடிக்கவும் தெரியாத பிள்ளையை ஆட்டத்துக்கு விடாதீர்கள்.

எங்கள் வாலிபால் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கித் தருபவர்) எல்லாப் பந்தையும் நான்காம் இடத்துக்கே (வலையருகே இடது ஓரம்) தூக்குகிறார். எதிரணியின் பிளாக் (வலையோரத் தடுப்பு) காத்துக்கொண்டு நிற்கிறது.
– கிளப் வீரர், நாகர்கோவில்

அவருக்குப் பின்பக்கம் தூக்க வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அவர் கணக்கில் இருப்பது அந்த ஒரே வழிதான். வரும், ஆனால் முதுகை முன்கூட்டியே வளைக்கிறார் என்றால் எதிர் பிளாக்கர் அதைப் படித்துவிடுவார். முன்னாலும் பின்னாலும் நெற்றிக்கு மேல் ஒரே புள்ளியில் பந்தைத் தொட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் ரிசீவரிடம் போய்ப் பேசுங்கள். முதல் பாஸ் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் விழுந்தால், எவ்வளவு கெட்டிக்கார செட்டருக்கும் நடுவில் வேகப் பந்து கொடுப்பது கஷ்டம். மிஞ்சுவது நான்காம் இடம்தான்.