சாலைக்குக் கடன், சொத்துவரியில் தவணை

கேள்வி: கலிபோர்னியாவில் நாங்கள் வசிக்கும் நகரத்தில், சாலைகளையும் மழைநீர் வடிகால்களையும் சீரமைக்கக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. ஏற்கெனவே கட்டும் சொத்துவரி போதாதா? ஒப்புக்கொண்டால் எங்கள் மீது எவ்வளவு சுமை விழும்?

பதில்: நீங்கள் கட்டும் சொத்துவரி முழுவதும் நகரத்துக்குப் போவதில்லை. 1978-இல் மாநில மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு என்ற சட்டத்தின்படி அடிப்படைச் சொத்துவரி, வீட்டின் வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதையும் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), பள்ளிகள், நகரம், சிறப்பு வாரியங்கள் எனப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நகரத்தின் பங்கு பெரும்பாலும் காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சம்பளம் கொடுப்பதிலேயே கரைந்துவிடுவதால், சாலைப் பராமரிப்பு ஆண்டுதோறும் தள்ளிப்போகிறது. விரிசல் விழுந்தவுடன் தார் ஊற்றி அடைத்தால் செலவு சொற்பம். அதன் வழியே மழைநீர் இறங்கி அடித்தளத்தை இளக்கிவிட்டால், சாலையையே பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அவ்வளவு பெரிய தொகை ஓராண்டு வருமானத்தில் கிடைக்காது என்பதால்தான் நகரங்கள் கடன் பத்திரத்தை நாடுகின்றன.

முதலீட்டாளர்கள் பத்திரங்களை வாங்கிப் பணம் தருவார்கள். அசலையும் வட்டியையும் அடைப்பதற்கென்றே, அந்த 1 சதவீதத்துக்கு மேல் ஒரு கூடுதல் வரி உங்கள் சொத்துவரி ரசீதில் தனிப் பதிவாக ஏறும். இந்த வட்டி வருமானத்துக்குப் பொதுவாக மத்திய அரசின் வருமான வரி கிடையாது என்பதால், முதலீட்டாளர்கள் குறைந்த வட்டிக்கும் சம்மதிக்கிறார்கள்.

வீட்டு உரிமையாளர்களின் மீது நேரடியாக விழும் கடன் என்பதாலேயே, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால்தான் நகரம் இதை வாங்க முடியும். பெர்க்லி நகரில் 2016-இல் 10 கோடி டாலர் பத்திரத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2022-இல் கேட்ட 65 கோடி டாலருக்குப் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரவளித்தும் அது தோற்றது. பள்ளிப் பத்திரங்களுக்கு 2000 முதல் 55 சதவீதமே போதும். உள்கட்டமைப்புக்கும் அதே வரம்பைக் கொண்டுவர 2024-இல் எடுத்த முயற்சியை மாநில வாக்காளர்கள் நிராகரித்துவிட்டார்கள்.

இனி சுமைக்கு வருவோம். 10 கோடி டாலரை 4 சதவீத வட்டியில் 30 ஆண்டுகளில் சமத் தவணைகளாக அடைத்தால் மொத்தம் ஏறத்தாழ 17.3 கோடி ஆகும்; 20 ஆண்டுகளில் அடைத்தால் 14.7 கோடியோடு முடியும். வரி மதிப்பில் ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் ஆண்டுக்கு 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 300 டாலர் வரும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் உங்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாக வாங்கியிருந்தால், அவருடைய வரி மதிப்பு 2 லட்சமாகவே இருக்கக்கூடும். வாங்கிய விலையை அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதமே அதை உயர்த்த முடியும் என்பது விதி. ஒரே சாலையில் வண்டி ஓட்டும் அவர் 60 டாலர்தான் கட்டுவார். புதிதாக வீடு வாங்கியவர்கள் இதைக் கேட்டுக் கொதித்துப்போவதில் எனக்கு வியப்பில்லை.

வரித்தொகையைவிட, பணம் எதற்குச் செலவாகப் போகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். மேற்பரப்பில் மட்டும் தார் போட்ட சாலை 15, 20 ஆண்டுகளில் மீண்டும் பழுதுக்கு வந்துவிடும். அதற்கு 30 ஆண்டுக் கடன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரை நூற்றாண்டு உழைக்கும் வடிகாலுக்கும் பாலத்துக்கும் நீண்ட காலக் கடன் பொருந்தும், ஏனெனில் பிற்காலத்தில் குடிவருவோரும் அவற்றின் பயனை அனுபவித்துத் தவணையில் பங்கேற்பார்கள். மாநில அரசியல் சட்டப்படி இந்தப் பணத்தை நிலம், கட்டடம் போன்ற அசையாச் சொத்தை வாங்கவும் மேம்படுத்தவும் மட்டுமே பயன்படுத்தலாம். தீயணைப்பு நிலையம் கட்டலாம், தீயணைப்பு வண்டி வாங்க முடியாது. வாக்காளர் கையேட்டில் வரி விகித அறிக்கை என்றொரு பக்கம் இருக்கும். வட்டியுடன் சேர்த்து மொத்தம் எவ்வளவு அடைக்க வேண்டும் என்ற மதிப்பீட்டை அங்கே பாருங்கள்.

கேள்வி: கிரீன் கார்டில் இருக்கும் எனக்கு வாக்குரிமை இல்லை. கூடுதல் வரியை நானும் கட்ட வேண்டுமா?

பதில்: கட்டத்தான் வேண்டும். வரி வீட்டின் மீது விதிக்கப்படுகிறது. உரிமையாளரின் குடியுரிமையை அது பார்ப்பதில்லை. வாடகைக்கு இருக்கும் குடிமகன் வாக்களிப்பார், ஆனால் ரசீது உங்கள் பெயருக்கு வரும். இருந்தாலும், பத்திரத்தை வாக்கெடுப்புக்கு அனுப்புவதா என்று நகர மன்றம் விவாதிக்கும் பொதுக் கூட்டத்தில் பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. திட்டப் பட்டியலில் உங்கள் தெரு இடம்பெற்றிருக்கிறதா என்று அங்கேயே கேட்கலாம்.