மலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலா, செகண்ட் கியரா?

வாசகர் கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போகிறோம். பெட்ரோல் கார், ஐந்து பேர், பின்னால் டிக்கி நிறைய சாமான். போன வருடம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கருகிய வாடை வந்தது, அடிவாரம் வருவதற்குள் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. மெக்கானிக்கிடம் காட்டினால் "பேட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். மாமா நியூட்ரலில் விட்டு பிரேக்கில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்கிறார். டிரைவர் வேலை பார்க்கும் நண்பர் செகண்ட் கியரைத் தாண்டாதே என்கிறார். எது சரி? ஆள் அதிகம் இருந்தால் வண்டி வேகமாக இறங்குமா? தம்பி ஸ்கூட்டரில் கூட வருகிறான், அவனுக்கும் சொல்லுங்கள்.

நண்பர் சொல்வதுதான் சரி. மாமா சொன்னதிலும் ஒரு காலத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கருகிய வாடை.

மலை ஏறும்போது உங்கள் இஞ்சின் பெட்ரோலை எரித்து 1,500 கிலோவை (வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து) புவியீர்ப்புக்கு எதிராக மேலே தூக்கியது. அடிவாரத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறினீர்கள் என்றால் நிறை (அந்த 1,500 கிலோ), புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் மூன்றையும் பெருக்குங்கள், 1 கோடியே 47 லட்சம் ஜூல் வருகிறது. அவ்வளவு ஆற்றலும் மலை உச்சியில் நிற்கும் உங்கள் காருக்குள் இருக்கிறது. கீழே வந்து நிற்கும்போது அது இருக்கக் கூடாது. நடுவில் எங்கேயாவது போயாக வேண்டும், வெப்பமாக. மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் கியரில் வந்தாலும் நியூட்ரலில் வந்தாலும் மொத்தக் கணக்கில் ஒரு ஜூல் கூடக் குறையாது. டயர் உருளும்போது கொஞ்சம், காற்றுத் தடையில் கொஞ்சம் கழியும், மீதியை பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு ஆளே கிடையாது.

இந்த 1.47 கோடி ஜூல் எவ்வளவு என்று சட்டெனப் பிடிபடாது. சாதாரணத் தண்ணீர் 50 லிட்டரை கொதிநிலை வரை சூடேற்றும் வெப்பம் அது. நான்கு சக்கரத்து டிஸ்க், டிரம் இரும்பெல்லாம் சேர்த்து ஒரு 25 கிலோ என்று வைத்து, முழு வெப்பமும் அதிலேயே தங்கிவிட்டால் என்னாகும் என்று கணக்குப் போட்டால் 1,300 டிகிரி வருகிறது. வார்ப்பிரும்பே ஏறக்குறைய 1,200 டிகிரியில் உருகிவிடும். நிஜத்தில் அப்படி ஆவதில்லை, ஏனென்றால் டிஸ்க் சுற்றும்போதே காற்றில் வெப்பத்தை விட்டுக்கொண்டே வருகிறது. ஆனால் நீங்கள் காலை எடுக்காமல் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் (புதிதாக மலை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள், பயத்தில்) உள்ளே வருகிற வெப்பம் வெளியே போகிற வெப்பத்தை முந்திவிடும். பேடில் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) இருக்கும் பிசின் எரிந்து வாயு விடும். நீங்கள் முகர்ந்தது அதைத்தான். அந்த நிலையில் பேட் டிஸ்கைப் பிடிக்கும் உராய்வும் குறைந்துபோகும்.

பெடல் பஞ்சு மாதிரி ஆனது அதற்கு அடுத்த கட்டம், அதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. பிரேக் ஆயில் திரவம், அழுத்தினால் சுருங்காது, அதனால்தான் உங்கள் கால் விசை அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. அது கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டால் ஆவி சுருங்கும், நீங்கள் மிதிப்பது முழுக்க குமிழை அமுக்குவதிலேயே போய்விடும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் ரகங்கள். புதிய டாட் 4 ஆயிலுக்குக் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரம். ஆனால் இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரம் 155 டிகிரி போதும் என்கிறது. டாட் 3 ஆயிலுக்கு இன்னும் குறைவு, 205, ஈரம் ஏறினால் 140. உங்கள் மெக்கானிக் பேடைப் பார்த்தார், ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஊருக்குள் ஓட்டும்போது பழைய ஆயில் எந்தக் குறையும் காட்டாது, அடிவாரம் வந்து வண்டி ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகிவிடும், பெடலும் கெட்டியாகிவிடும், அதனால் பட்டறையில் காட்டினால் எல்லாம் சரியாகவே இருக்கும். கொல்லிமலை போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

சரி, இப்போது நியூட்ரல். 100 மீட்டர் போனால் 8 மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காரின் எடை விசை 14,700 நியூட்டன், அதில் சரிவின் திசையில் இழுக்கும் பங்கு 8 சதவீதம், சுமார் 1,200 நியூட்டன். டயர் உருளும் தடையைக் கழித்தாலும் நொடிக்கு நொடி 0.6 மீட்டர் வேகம் கூடிக்கொண்டே போகும். நின்ற இடத்திலிருந்து நியூட்ரலில் விட்டால் 10 நொடியில் மணிக்கு 20 கி.மீ.க்கு மேல், 20 நொடியில் 40ஐத் தாண்டும், அரை நிமிடத்தில் 60. காலே வைக்காமல்! இதைத் தடுக்க பிரேக் ஒன்றுதான் இருக்கிறது, 30 கி.மீ. வேகத்தில் பிடித்து வைத்திருக்கக் கூட ஏறக்குறைய 8 கிலோவாட் வெப்பம் இடைவிடாமல் பிரேக்குக்குள் போய்க்கொண்டிருக்கும். 60ல் வந்தால் அது இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

கியரில் இருந்தால் கதை வேறு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் இஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது, பிஸ்டன்கள் மூடிய கதவை இழுப்பது போல வெற்றிடத்தோடு மல்லுக்கட்டுகின்றன, அதோடு உள் உராய்வும் சேருகிறது. சக்கரம்தான் இப்போது இஞ்சினைச் சுற்ற வைக்கிறது, அந்தச் சிரமம் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. இந்த இழுவை கியர் விகிதத்தால் பெருக்கப்பட்டு சக்கரத்துக்கு வரும். ஃபிஃப்த் கியரில் விகிதம் ஒன்றுக்கும் குறைவு, செகண்டில் ஏறக்குறைய இரண்டு, ஃபர்ஸ்டில் மூன்றரை அளவில். அதனால்தான் மேல் கியரில் இஞ்சின் பிடிப்பதே தெரியாது, செகண்டில் நன்றாகத் தெரியும், ஃபர்ஸ்டில் நான் சொன்ன அந்தச் சரிவில் பிரேக்கே தொடாமல் கூட பல சிறிய கார்கள் இறங்கிவிடும். வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போகிறது, அதற்கென்றே செய்யப்பட்ட வழி. இஞ்சின் கத்துகிறதே, கெட்டுப் போகாதா என்று பலர் கேட்பார்கள். ஆர்பிஎம் முள் மூன்றாயிரம் நாலாயிரத்தில் நிற்பது பெட்ரோல் இஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, சிவப்புக் கோட்டைத் தொடாமல் பாருங்கள், போதும். 50ல் போய்க்கொண்டிருக்கும்போது ஃபர்ஸ்டில் திணிக்காதீர்கள், அது வேறு விஷயம். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். நல்ல விதிதான், ஆனால் இன்றைய இஞ்சின்கள் தேர்டிலேயே ஏறிவிடுகின்றன, தேர்டில் இறங்கினால் பிடிப்பு போதாது. அதனால் ஒரு கியர் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சை அழுத்திக்கொண்டே வளைவு திரும்புவதும் நியூட்ரல்தான், அந்தப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவல் மோடிலோ எல் என்று போட்டிருக்கும் இடத்திலோ வையுங்கள். டீசல் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டீசல் இஞ்சினில் பொதுவாக அந்த வால்வு இப்படி மூடிக்கொள்வதில்லை, அமுக்கிய காற்று ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளிவிடும், இழுவை குறைவு. லாரியிலும் பஸ்ஸிலும் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து இஞ்சினைத் திணறவைப்பது) வைத்திருப்பது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

பெட்ரோல் மிச்சம்? மாமா கார் ஓட்டக் கற்றது கார்புரேட்டர் காலமாக இருக்கும். அந்த வண்டிகளில் கால் எடுத்தாலும் இஞ்சின் சுற்றும் வேகத்துக்கு ஏற்பப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும், அதனால் நியூட்ரலில் குறைவாகக் குடிக்கும் என்பது அன்றைக்கு ஓரளவு உண்மை. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருக்கும்போது கால் எடுத்தால் கணினியே பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடுகிறது, இஞ்சினைச் சக்கரம் சுற்றிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் இஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் எரிய வேண்டியிருக்கிறது. இதை மாமாவிடம் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். சாவியையே திருப்பி அணைத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு, அது தற்கொலை முயற்சி: பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங் போய்விடும், சாவியை முழுதாகத் திருப்பினால் சில வண்டிகளில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும்.

ஆள் அதிகம் இருந்தால் வேகமாக இறங்குமா என்ற கேள்வி எனக்குப் பிடித்தது. பள்ளியில் படித்தது என்ன? எடை கூடினால் இழுக்கும் விசையும் கூடும், நகர்த்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடும், இரண்டும் அடித்துக்கொண்டு முடுக்கம் மாறாது. கலிலியோ சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டிக் கண்டது, 1971ல் அப்போலோ 15ல் போன டேவிட் ஸ்காட் நிலாவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகப் போட்டுக் காட்டியது. ஆனால் அங்கே தடுக்க எதுவும் இல்லை. உங்கள் காரில் தடுப்பவை இருக்கின்றன, இஞ்சின் இழுவையும் காற்றுத் தடையும் ஆள் ஏறினார்களா இல்லையா என்று பார்த்துக் கூடுவதில்லை. இழுக்கும் விசை மட்டும் கூடுகிறது. ஆகவே ஒரே கியரில் விட்டால் நிறைந்த கார் வேகமாகத்தான் இறங்கும், பிரேக்குக்கும் அதிக வெப்பம், டிஸ்கோ அதே டிஸ்க். ஒருவராக ஓட்டியபோது செகண்டில் சமாளித்த இடத்தில் ஐந்து பேரோடு ஃபர்ஸ்ட் தேவைப்படலாம்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வேகம் இன்னொரு விதத்தில் கணக்குக் கேட்கும். வளைவில் வண்டியை யாரும் வெளியே தள்ளுவதில்லை, அது நேராகப் போகப் பார்க்கிறது, டயர் உராய்வுதான் உள்ளே இழுத்துத் திருப்புகிறது. தேவையான விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 12 மீட்டர் ஆரம் உள்ள வளைவில், காய்ந்த சாலையில் ஏறக்குறைய 33 கி.மீ. வேகத்தில் டயரின் பிடிப்பு முழுதும் தீர்ந்துவிடும், நனைந்த சாலையில் 25லேயே. அது விளிம்பு, நீங்கள் அதற்கு வெகு கீழே இருக்க வேண்டும். டயரிடம் இருக்கும் பிடிப்பு ஒன்றுதான், திரும்பவும் அதுதான், நிறுத்தவும் அதுதான். அதனால் வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிட்டுத் திரும்புங்கள். இப்படி விட்டு விட்டுப் பிடிப்பதில் டிஸ்க் ஆறவும் நேரம் கிடைக்கிறது. எதிரில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், விதியும் அதுதான்.

இத்தனைக்கும் மேல் பெடல் இறங்கிவிட்டால்: பெடலை வேகமாகப் பல முறை மிதியுங்கள், ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் என்றால் அதன் பட்டனை அழுத்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அது பெரும்பாலும் கேபிளில் இயங்குவது, ஆயில் கொதித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும், இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்திருப்பதால் பின்பக்கம் பிடிப்பு குறைவு. வேறு வழியே இல்லை என்றால் பள்ளத்தின் பக்கம் வேண்டாம், மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள். நின்றதும் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். பெடல் திரும்பி வந்தாலும் ஃபர்ஸ்டில் மட்டும் இறங்கி நேராகப் பட்டறைக்குப் போங்கள்.

தம்பியின் ஸ்கூட்டர்தான் எனக்குக் கவலை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இஞ்சின் பிடிப்பு குறைவு, வேகம் குறையும்போது கிளட்ச் தானாக விட்டுவிடும், அதன் பிறகு அது முழு நியூட்ரல். திராட்டிலை ஒரு நொடி லேசாகத் திருகினால் கிளட்ச் மறுபடி பிடிக்கும், கொஞ்சம் இழுவை கிடைக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. டிரம் பிரேக் டிஸ்கை விட மெதுவாக ஆறும். ஆகவே முன், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கட்டும், பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றாமல் வரட்டும், பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி டிரம்மை ஆற விடட்டும். மின்சார ஸ்கூட்டர் என்றால் இன்னொன்று: அது இறக்கத்தில் மோட்டாரால் பிடித்து அந்த ஆற்றலை பேட்டரிக்கு அனுப்பும் வகையாக இருந்தால், பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். மேலே தங்கும் இடத்தில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால் அந்தப் பிடிப்பு கிடைக்காமல் போகலாம், 80க்குள் நிறுத்திவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.