வேகன் ஆரில் இரண்டு சைக்கிள்: உள்ளேயா, பின்னாலா, கூரை மேலா?

தருமபுரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் வேகன் ஆர் இருக்கிறது. பின் சீட் 60:40 என்று இரண்டு பாகமாக மடங்கும். எனக்கு 29 இன்ச் கியர் சைக்கிள், எட்டாவது படிக்கும் மகனுக்கு 24 இன்ச் சைக்கிள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது ஏற்காடு அடிவாரம் வரை காரில் போய், அங்கிருந்து சைக்கிளில் மலையேற வேண்டும் என்று ஆசை. சில தடவை மனைவியும் மகளும் கூட வருவார்கள். ஆக்சசரீஸ் கடைக்காரர், டிக்கியில் பெல்ட் போட்டு மாட்டும் கேரியர் போதும் என்கிறார். நண்பர் ரூஃப் கேரியர் போடச் சொல்கிறார். தொப்பூர் இறக்கத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. எது பாதுகாப்பு?"

பயம் நியாயமானது. நீங்கள் சேலம் நோக்கிப் போகும்போதுதான் அது இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் சூடாகி வருகிற பாதை அது. அந்த இடத்தில் உங்கள் காரிலிருந்து ஒரு சைக்கிள் கழன்று விழுந்தால் உங்களுக்குச் சைக்கிள்தான் போகும், பின்னால் பைக்கில் வருகிறவருக்கு உயிரே போகலாம். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களும் மகனும் மட்டும் போகிற நாளில் இரண்டு சைக்கிளையும் காருக்குள்ளேயே வையுங்கள், கேரியரே வேண்டாம். நான்கு பேரும் போகிற நாளில் டிக்கி கேரியர் போடலாம், ஆனால் கடையில் மாட்டிக் காட்டுகிற மாதிரி இல்லை, வேறு மாதிரி. ரூஃப் கேரியரை உங்கள் காருக்கு நான் சொல்ல மாட்டேன்.

உள்ளே வைப்பதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. "இவ்வளவு சின்ன வண்டியில் எப்படி?" என்று கேட்பார்கள். முன் சக்கரத்தைக் கழற்றினால் சைக்கிள் நன்றாகக் குறுகிவிடும். உங்கள் 29 இன்ச் சைக்கிள் முழுசாக ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம் இருக்கும். முன் சக்கரம் இல்லாமல் ஒன்றரை மீட்டர்தான். சீட் போஸ்ட்டை, அதாவது சீட்டைத் தாங்கும் கம்பியை, முழுக்க இறக்குங்கள். இறக்குவதற்கு முன் அதன் உயரத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால், அடிவாரத்தில் மறுபடி அளந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. பின் சீட்டை முழுக்க மடித்து, ஒரு பழைய ஜமக்காளத்தை விரித்து, பெரிய சைக்கிளைப் பின் சக்கரம் முன் சீட் பக்கமாகவும் ஹேண்டில்பார் டிக்கிப் பக்கமாகவும் போகும்படி படுக்க வையுங்கள். செயினும் கியரும் இருக்கிற வலது பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன்பே பின் கியரை மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். அப்போது கியர் மாற்றி வெளியே துருத்தாமல் உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல், கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் என்கிற சின்ன உலோகத் துண்டை வளைத்துக்கொண்டு பழுதுக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் இன்னும் இரண்டு விஷயம். வலது பக்கம் மேலே என்றால், இடது பக்கம் இருக்கிற பின் டிஸ்க் கீழே போகும். அதன் மேல் எடை விழாமல் சுற்றிலும் துணியை மடித்து அணை கொடுங்கள். கொஞ்சம் வளைந்தாலே ஓட்டும்போது 'கீச் கீச்' என்று உரசும். கழற்றிய முன் சக்கரத்தையும் டிஸ்க் மேலே இருக்கிற மாதிரிதான் வைக்க வேண்டும். ஹைட்ராலிக் பிரேக்காக இருந்தால், சக்கரம் இருந்த இடத்தில் பிரேக் பேடுகளுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைத் துண்டைச் செருகுங்கள். வழியில் யாராவது லீவரை அழுத்திவிட்டால் இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் டிஸ்க் உள்ளே நுழையாது.

மேலே இன்னொரு போர்வை, அதன் மேல் மகனின் சைக்கிள். சரி, இதோடு முடிந்தது என்று டிக்கியை மூடிவிடாதீர்கள், கட்ட வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் தன் எடையைப் போல 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 14 கிலோ சைக்கிள் 280 கிலோ மாதிரி உங்கள் முதுகில் வந்து மோதும். மகன் முதுகிலும் அப்படித்தான். பின் சீட் பெல்ட்டை இரண்டு சைக்கிளின் ஃபிரேமுக்குள்ளும் நுழைத்து அதன் பக்கிளிலேயே மாட்டுங்கள். கூடவே ஒரு பக்கிள் பெல்ட்டால் இரண்டு சைக்கிளையும் ஒன்றாக இறுக்கி, குழந்தை சீட் மாட்டும் கொக்கி உங்கள் காரில் இருந்தால் அதில் கட்டுங்கள். பம்பு, பூட்டு, ஸ்பானர், தண்ணீர் பாட்டில் எல்லாம் பைக்குள் போய், பை கீழே போக வேண்டும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சக்கரம் கொஞ்சம் வெளியே நீட்டுகிறது என்று டிக்கியைப் பாதி திறந்தபடி கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போகிற வண்டிகளைக் கிருஷ்ணகிரி சந்தைப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். செய்யவே செய்யாதீர்கள். கார் ஓடும்போது அதன் பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்திருக்கும். சைலன்சர் புகை அங்கேயே சுழன்று, திறந்த டிக்கி வழியாக உள்ளே ஏறும். அதிலிருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, தூக்கக் கலக்கம் என்றுதான் தொடங்கும். பின்னால் சாய்ந்திருக்கிற பிள்ளை தூங்குகிறது என்றே நினைப்போம். மூட முடியாத டிக்கியோடு புறப்படுவதைவிட, பின் சக்கரத்தையும் கழற்றிவிடுவது மேல்.

மூன்று பேர் என்றால் 60 பாகத்தை மட்டும் மடித்து ஒரு சைக்கிளை உள்ளே வைத்து, 40 பாகத்தில் ஒருவர் பெல்ட் போட்டு உட்காரலாம். மற்ற சைக்கிளுக்கு டிக்கி கேரியர். நான்கு பேர் என்றால் இரண்டுமே வெளியேதான்.

டிக்கி கேரியர் விஷயத்தில் கடைக்காரர் சொல்லாமல் விடுவது அகலம். வேகன் ஆரின் அகலம் 1.62 மீட்டர். உங்கள் சைக்கிள் 1.8 மீட்டர். முழுசாகக் குறுக்கே மாட்டினால் இரண்டு பக்கமும் சக்கரம் ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் வெளியே நீட்டும். நாற்கர சாலையில் உங்களை உரசி முந்துகிற பைக்காரருக்கு அது தெரியாது. பெட்ரோல் பங்கில் திரும்பும்போது உங்களுக்கே மறந்துபோகும். பாரம் காரின் உடலைத் தாண்டி நீட்டக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் சின்னதில்லை. அதனால் கேரியரில் மாட்டும்போதும் பெரிய சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றிக் காருக்குள் போடுங்கள். ஒன்றரை மீட்டர், காரின் அகலத்துக்குள் அடங்கிவிடும். எடையும் குறையும்.

அடுத்தது நம்பர் பிளேட்டும் விளக்குகளும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50-வது விதிப்படி பதிவெண் மறைவில்லாமல் தெரிய வேண்டும். வெளிநாடுகளில் கேரியர் மேலேயே இன்னொரு நம்பர் பிளேட் மாட்டிக்கொள்வார்கள். இங்கே உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றுதான் கிடைக்கும். கடையில் எழுதி மாட்டுகிற மூன்றாவது பிளேட் செல்லாது. ஆகவே சைக்கிளைப் பிளேட்டுக்கு மேலே உயர்த்திப் பிடிக்கிற வகைக் கேரியராக வாங்குங்கள். வேகன் ஆரில் டெயில் லைட்டுகள் இரண்டு ஓரத்திலும் செங்குத்தாக இருப்பதால் பின் சக்கரம் ஒரு விளக்கின் குறுக்கே வரும். மாட்டி முடித்ததும் வீட்டில் ஒருவரை பிரேக், இண்டிகேட்டர் எல்லாம் போடச் சொல்லி, நீங்கள் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். இண்டிகேட்டர் முழுசாகத் தெரியாவிட்டால் சைக்கிளை நகர்த்தி மாட்டுங்கள். எப்படியும் பகலில் மட்டும்தான் இப்படிப் போக வேண்டும்.

பெல்ட் எண்ணிக்கையில் சிக்கனம் பார்க்காதீர்கள். மேலே இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, கீழே இரண்டு என்று ஆறு பெல்ட் உள்ளதை வாங்குங்கள். கொக்கிகள் டிக்கிக் கதவின் இரும்பு விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருந்தால் அதில் மாட்டக்கூடாது, அழுத்தத்தில் பிளந்துவிடும். கண்ணாடி விளிம்பிலும் கூடாது. உங்கள் மாடலுக்கு இரும்பு விளிம்பு கிடைக்கவில்லை என்றால் அந்தக் கேரியர் உங்கள் காருக்கானதில்லை, கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள். ரப்பர் பாதம் அழுந்துகிற இடத்தை ஈரத்துணியால் துடைத்த பிறகே மாட்டுங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி அதற்கடியில் உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்க்கும்.

கனமான சைக்கிள் முதலில், காரை ஒட்டி. மகனுடையது அதற்கு வெளியே, எதிர்த் திசையில். சின்னப் பிள்ளைகள் சைக்கிளிலும் லேடீஸ் சைக்கிளிலும் மேல் கம்பி நேராக இருக்காது, கேரியர் கையில் தொங்கவிட்டால் சாய்ந்துகொண்டே இருக்கும். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே மாட்டுகிற தற்காலிகக் கம்பி விற்கிறது, அதை வாங்கிவிடுங்கள். டயர் எதுவும் சைலன்சர் வாய்க்கு நேரே தொங்கக்கூடாது. ஒரு மணி நேர ஓட்டத்தில் அந்தச் சூடு டயரைக் கெடுத்துவிடும். பெடல் கண்ணாடியில் இடிக்கிறதென்றால் கழற்றலாம், ஆனால் இடது பெடலின் மரை எதிர்த் திசை என்பது நினைவிருக்கட்டும்.

கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை மட்டும் நம்பி எதையும் கட்டாதீர்கள். நீளுகிற பொருள் குலுங்கும்போது இன்னும் நீளும். சைக்கிள் ஆடாமல் இருக்க அது உதவலாம், தாங்குவதற்கு நெய்த பெல்ட்தான். கேரியரே கழன்றாலும் சைக்கிள் ரோட்டில் விழாதபடி, இரண்டு ஃபிரேமையும் கோர்த்து ஒரு தனிப் பெல்ட்டைக் காரின் இழுவைக் கொக்கியிலோ, டிக்கிக்குள் இருக்கிற உறுதியான வளையத்திலோ கட்டிவிடுங்கள்.

இந்தத் தனிப் பெல்ட் எனக்கு அனுபவத்தில் வந்த பாடம். சில வருடங்களுக்கு முன் கிருஷ்ணகிரியிலிருந்து புறப்பட்டபோது எல்லாம் கல் மாதிரி இறுக்கமாக இருந்தது. காவேரிப்பட்டணம் தாண்டியதும் பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஒதுங்கி நின்றேன். "அண்ணே, சைக்கிள் தொங்குது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் டிரைவர். வெயிலில் சூடேறிய புது நைலான் பெல்ட் நீண்டு, மேல் கொக்கி ஒன்று நழுவியிருந்தது. புது பெல்ட் முதல் சில கிலோமீட்டரில் கட்டாயம் தளரும். அதனால் ஐந்து கிலோமீட்டரில் முதல் நிறுத்தம், தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்கு முன் இரண்டாவது நிறுத்தம். கேரியரை அசைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. சைக்கிளைப் பிடித்து ஆட்டுங்கள். கார் முழுதும் சேர்ந்து ஆட வேண்டும், சைக்கிள் தனியாக ஆடினால் மறுபடி இறுக்குங்கள்.

ரூஃப் கேரியர் ஏன் வேண்டாம் என்கிறேன்? அம்பாசிடரிலும் மாருதி 800-லும் கூரை ஓரமாக மழைநீர் வடிய இரும்பு விளிம்பு இருக்கும். கேரியர் அதைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்ததால் கூரை என்றால் உறுதி என்று நம் மனதில் பதிந்துவிட்டது. இப்போதைய சின்ன கார்களில் அந்த விளிம்பு கிடையாது. சில மாடல்களில் மேலே தெரிகிற ரெயில் வெறும் அழகுக்கு ஒட்டியது. கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது கார் கையேட்டில் இருந்தால்தான் உண்டு, அந்தக் கணக்கில் கேரியரின் எடையும் சேரும். காற்றும் சும்மா விடாது. 60 கிலோமீட்டரில் இருக்கிற காற்று விசை 100-ல் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்காகிவிடும். சைக்கிளை நிறுத்தி மாட்டினால் மொத்த உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டும். வீட்டு போர்ட்டிகோ, ரயில்வே சுரங்கப்பாதையின் உயரத் தடுப்புக் கம்பி, ஏற்காட்டு மரக்கிளை எல்லாம் காத்திருக்கும். கூரையில் மெத்தை போட்டுக் கயிற்றைக் கதவு ஜன்னல் வழியாக உள்ளே சுற்றிக் கட்டுவதும் ஒரு வழக்கம். அந்தக் கயிறு சில வண்டிகளில் கதவையே திறக்க விடாது. விபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவரை எப்படி வெளியே எடுப்பது?

ஓட்டுவது பற்றிக் கொஞ்சம். சைக்கிள் வெளியே இருக்கிற நாளில் நான் 70-க்கு மேல் போவதில்லை. நடுக் கண்ணாடியில் பின்புறம் தெரியாது, பக்கக் கண்ணாடிகளைச் சரிசெய்துகொண்டு புறப்படுங்கள். பின் வைப்பர் சுவிட்சைத் தொடாதீர்கள். தொப்பூரில் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் இழுவையில் இறங்குங்கள், இடது பாதையிலேயே இருங்கள், லாரிக்கு நேர் முன்னால் திடீரென்று பிரேக் போடுகிற நிலை வராத அளவு இடைவெளி விடுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். நீங்கள் அடிவாரத்திலேயே சைக்கிளை இறக்கிவிடுவதால் காருக்கு அந்தச் சோதனை இல்லை. ஆனால் திரும்பும்போது களைப்பில் ஏனோதானோ என்று கட்டத் தோன்றும். சைக்கிளை இறக்கின உடனே மாட்டிய நிலையில் ஒரு போட்டோ எடுக்க முடியாது, அதனால் புறப்படும் முன் வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதைப் பார்த்து அப்படியே மாட்டலாம்.

எப்போதாவது உறவினர் பிள்ளைகளின் சைக்கிளும் சேர்ந்து நான்கு, ஐந்து ஆகிவிட்டால், காரில் ஏற்ற வழி தேடாதீர்கள். ஒரு குட்டி யானை பிடித்துச் சைக்கிள்களை அதில் அனுப்பிவிட்டு, நீங்கள் காரில் பின்னாலேயே போங்கள்.