58 வயது அப்பா உண்டியலில் கை வைத்தது பாவமா, நோயா?

நோயாக இருக்கலாம். தோட்டக் கோயில் கமிட்டி அவரை ஒதுக்கிவைக்கும் முன் மூளையைச் சோதித்துவிடுங்கள்.

ஆயுசு முழுக்க நாணயமாக இருந்தவர் ஒரே வருஷத்தில் இப்படி மாறினார் என்கிறீர்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை சுருங்கும் ஃபிரான்டோடெம்போரல் டிமென்ஷியா இப்படியும் தொடங்கும், பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள். நினைவாற்றல் ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும். ‘திருடுவது சரியா?’ என்று கேட்டால் ‘தப்பு’ என்றே சொல்வார். ஆனால் கை நிற்காது, வெட்கமும் வராது. நடிக்கிறார் என்று ஊர் நினைப்பது இதனால்தான்.

இனிப்பின்மேல் திடீர் ஆசை, பேத்தி விழுந்து அழுதாலும் கண்டுகொள்ளாமை உண்டா பாருங்கள். தேதி போட்டு எழுதிக்கொண்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட் அரசாங்கக் கிளினிக்கில் நரம்பு மருத்துவரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 ரத்தச் சோதனையும் அவசியம்.

தொடக்கத்தில் எம்ஆர்ஐ ஸ்கேன் சாதாரணமாகவே வரலாம். அதை வைத்து விட்டுவிடாதீர்கள். குணமாற்றம் தொடர்ந்தால் ஆறு மாதத்தில் மறுபடி காட்டுங்கள்.