கஞ்சி போட்ட காக்கி

அன்புள்ள ஐயா,

என் மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முதலாண்டிலேயே என்.சி.சி. என்னும் தேசிய மாணவர் படையில் சேர்ந்துவிட்டாள். ராணுவ அதிகாரியாகப் போகிறாளாம். அதன் கடைசிக் கட்டமான 'சி' சான்றிதழ் வாங்கிவிட்டால் நேராக எடுத்துக்கொள்வார்கள் என்கிறாள். பரேடு நாளில் அவளுடைய அம்மா நாலரை மணிக்கு எழுந்து காக்கிக்கு இஸ்திரி போடுகிறார். டெல்லி குடியரசு தின முகாமுக்குத் தேர்வாகவில்லை என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போன பருவத்தில் இரண்டு தாள் அரியர். அடுத்த மாதம் பத்து நாள் முகாமாம். அனுப்புவதா, நிறுத்துவதா? நீங்களும் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஆர்., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ஆர்.,

அனுப்புங்கள். ஆனால் உங்கள் மகள் சொல்வதில் பாதிதான் சரி.

'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லை, அவ்வளவுதான். தரைப்படையின் என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு அந்தச் சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு வேண்டும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும், வயது 19 முதல் 25க்குள் இருக்க வேண்டும். அதன் பிறகு எஸ்.எஸ்.பி. என்னும் ஐந்து நாள் தேர்வு. அங்கே யாருக்கும் சலுகை கிடையாது. ஒவ்வொரு முறையும் பெண்களுக்கு அறிவிக்கப்படும் இடங்கள் நாடு முழுவதற்கும் சேர்த்தே ஐந்து, ஆறு என்ற அளவில்தான். இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பட்டதாரிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு என்று இன்னொரு வழி இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரியர் விஷயத்துக்கு வருகிறேன். இறுதியாண்டில் இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம், ஆனால் அதுவரை எழுதிய ஆண்டுகளில் 50 சதவீதம் காட்ட வேண்டும். ஆகவே இயற்கணிதத் தாளும் அவளுடைய ராணுவப் பயிற்சியில் ஒரு பகுதிதான். பரேடா படிப்பா என்று வீட்டில் சண்டை வளர்க்காதீர்கள். அந்த விண்ணப்பப் படிவத்தை அவள் கண்ணில் காட்டுங்கள், போதும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆர்.ஓ.டி.சி. என்று ஓர் ஏற்பாடு உண்டு. உதவித்தொகை பெறும் மாணவன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவான். ராணுவம் அவனுடைய கல்விக் கட்டணத்தைக் கட்டும். பட்டம் வாங்கியதும் அவன் அதிகாரி, பதிலுக்குச் சில ஆண்டுகள் பணியாற்றியாக வேண்டும். நம் என்.சி.சி. அப்படியல்ல. 1948இல் சட்டம் இயற்றித் தொடங்கினார்கள். சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கி, 1968இல் மறுபடியும் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். இதில் சேர்ந்ததால் உங்கள் மகள் ராணுவத்துக்குக் கடன்பட்டவள் இல்லை. ராணுவமும் அவளுக்குக் கடன்படவில்லை.

அதே 1968 ஜனவரியில் அண்ணா முதல்வராக இருந்தபோது நம் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்களை நீக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தது. அந்தச் சொற்கள் போகவில்லை. நாங்களும் 'சாவ்தான்' (நேராக நில்), 'விஷ்ராம்' (இளைப்பாறு) என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர்கள்தான்.

என் கதையைச் சொல்கிறேன். பத்து நாள் முகாமில் என் கூடாரத்துக்கு 32 பேர். இரவு எண்ணிக்கை சொல்வது என் பொறுப்பு. இரண்டாம் நாள் இரவு, எண்ணாமலே எல்லோரும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பயிற்சி தந்த ஹவில்தார் கட்வால்காரர், அதிகம் பேச மாட்டார். 'பிர் ஸே' என்றார், மறுபடியும் எண்ணு என்று. எண்ணினேன், 31. எதுவும் சொல்லாமல் சமையல் கூடாரத்தின் பக்கம் டார்ச் அடித்தார். வேலி தாண்டி டீக்கடைக்குப் போன எங்கள் ஆள், வெங்காயக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எனக்குத் தண்டனை எதுவும் இல்லை. மீதமிருந்த எட்டு இரவும் என்னையே எண்ணச் சொன்னார்.

அதன் பொருள் எனக்கு எஸ்.எஸ்.பி.யில்தான் உறைத்தது. முதல் நாள் ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் அதற்கொரு கதை எழுத வேண்டும். எனக்கு வந்த படத்தில் ஒருவன் கல்மேல் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் இன்னொருவன் நின்றிருந்தான். நான் வெள்ளம் வரவழைத்து, நின்றவனை ராணுவ வீரனாக்கி, கிராமத்தையே காப்பாற்றினேன். வழிகாட்டி நூலில் படித்த கதை. எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் ஏதாவதொரு கிராமத்தைக் காப்பாற்றியிருந்தார்கள். ஒருவன் மட்டும், பஸ் தவறிவிட்டது, இருவரும் பணத்தை எண்ணிப் பார்த்து லாரியில் போகிறார்கள் என்று சொன்னான். பிற்பகலில் தேறியவர்களின் மார்பு எண்களை (சட்டையில் ஒவ்வொருவரும் அணிந்திருந்த எண்) வாசித்தபோது அவன் எண் இருந்தது. என் எண் இல்லை. மாலை ரயிலில் ஊர் திரும்பினேன். இருப்பதைப் பார்க்காமல் அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்ததைச் சொன்னேன். முகாமின் இரண்டாம் நாள் இரவும் அதைத்தான் செய்திருந்தேன்.

அதனால்தான் டெல்லி முகாம் கைவிட்டுப் போனதை நான் பெரிதாக நினைக்கவில்லை. அது அழகான அணிவகுப்பு, கிடைத்தால் பெருமை. மகள் முகாமிலிருந்து திரும்பியதும் என்ன பதக்கம் என்று கேட்காதீர்கள். எந்த வேலையைக் கொடுத்தார்கள், எத்தனை பேருக்குச் சாப்பாடு குறைந்தது, அப்போது என்ன செய்தாள் என்று கேளுங்கள். அவள் அரைமணி நேரம் பேசினால் எஸ்.எஸ்.பி.க்கு அனுப்பலாம்.

தேர்வானால் பயிற்சி நம் சென்னைப் பரங்கிமலையில், 49 வாரம். 1992 முதல் பெண்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். குறுகியகாலப் பணி பத்து ஆண்டு, விரும்பினால் இன்னும் நான்கு ஆண்டு. அதற்குப் பிறகு என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கடைசியாக, அந்த நாலரை மணி. என் காலத்தில் காக்கிக்குச் சோற்றுக் கஞ்சி போட்டு மொறமொறப்பாக்குவார்கள். என் அம்மாதான் போட்டார். பெல்ட்டின் பித்தளைக் கொக்கிக்குப் பிராசோ தேய்த்ததும் அம்மாதான். முகாமுக்குப் போன முதல் காலையில் இஸ்திரிப் பெட்டியில் எந்தப் பக்கம் கரி போடுவது என்று தெரியாமல் நான் நின்ற கோலத்தை அந்த ஹவில்தார் பார்த்தார். உங்கள் வீட்டில் மின்சாரப் பெட்டியாகத்தான் இருக்கும். இன்றிரவே அதை மகளிடம் கொடுத்துவிடுங்கள். அவளுடைய அம்மா ஆறு மணி வரை தூங்கட்டும்.